ஏட்டம்மாவின் முதுகு

காய்ந்த பீர்க்கங்கூட்டின் காம்பு முனை கீறி ஏட்டம்மாவின் முதுகில் ரத்தம் வந்தது. விரல் நீளத்துக்கு ஒரு கோடு. முதலில் வெளுப்பாகத் தெரிந்து, பிறகு சிவந்து, ஈரத்தில் கரைந்து இடுப்புப் பக்கம் இறங்கியது.

ஏட்டம்மா அசையவில்லை. பேச்சும் நிற்கவில்லை. மலையடிவாரத்தில் ஒரு போலீஸ் ஸ்டேஷனில் வேலையில் இருந்தபோது பலாப்பழத் திருடனை வாசனையை வைத்தே பிடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பால் கேனுக்குள் பலாச்சுளைகளை நிரப்பி மூடிக்கொண்டு, திருடன் சைக்கிளில் ஸ்டேஷன் வாசலையே கடந்து போயிருக்கிறான். கேனின் மூடியைத் திறக்கும் கட்டத்துக்குக் கதை வந்திருந்தது.

நான் கையை எடுத்துவிட்டேன்.

"என்ன நிறுத்திட்ட பேப்பரம்மா, திருடனுக்குப் பாவம் பாக்கியா?" என்றார், ஆற்றைப் பார்த்தபடியே.

அடுத்த படியில் துணி பிழிந்துகொண்டிருந்த இசக்கி என்னைப் பார்த்தாள். பிறகு ஏட்டம்மாவின் முதுகைப் பார்த்தாள். பிறகு மறுபடி துணியைப் பிழியத் தொடங்கினாள். ஏற்கெனவே பிழிந்து முடித்த துணி அது.

கொரோனா அடங்கி, குற்றாலத்துக்கு வண்டி வண்டியாக ஆட்கள் திரும்ப வரத் தொடங்கியிருந்த சமயம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. அருவிக்கரையில் கூட்டம் நெரிந்தாலும், மேலகரத்திலிருந்து வயல் வழியாக இறங்கினால் வரும் அந்தச் சின்னப் படித்துறைக்கு வெளியூர் ஆள் வருவதில்லை. எங்கள் வேளையில் பெரும்பாலும் நாங்கள் நான்கு பெண்கள்தான்.

கீறல் விழுந்த இடம், இடது தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் இருந்த ஒரு வெளிறிய திட்டு. மற்ற இடமெல்லாம் ஈரத்தில் மின்ன, அது மட்டும் உலர்ந்ததுபோல் மங்கியிருந்தது. கீறல் அதற்குள் தொடங்கி அதற்குள்ளேயே முடிந்திருந்தது.

முதுகு கொடுக்கும் இடம்

மதுரையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, மேலகரத்தில் பூட்டிக்கிடந்த அண்ணன் வீட்டில் வந்து தங்கினேன். வந்த சில மாதங்களில் ரத்த அழுத்தம் ஏறியது. தென்காசியில் பார்த்த டாக்டர், மாத்திரை எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்.

"வீட்ல உங்களோட யார் இருக்காங்க?"

யாரும் இல்லை என்றேன். உப்பைக் குறைக்கச் சொன்னார். தினமும் நாலு பேரிடம் பேசவும் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. தனிமை உடம்பைக் கெடுக்கும், மனிதர்களோடு பழகினால் ஆயுள் கூடும் என்கிற மாதிரிக் கட்டுரைகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும். விளம்பரம் அதிகமாக இருக்கிற நாளில் முதலில் வெட்டுவது அவற்றைத்தான். கடைசிப் பத்தி, அந்த வால், போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

பேச ஆள் தேடித்தான் ஆற்றுக்குப் போனேன்.

அங்கே ஓர் ஒழுங்கு இருந்தது. கீழ்ப்படியில் ஒருத்தி, பாவாடையை நெஞ்சுக்கு மேல் ஏற்றிக் கட்டி, ஆற்றைப் பார்த்து உட்காருவாள். மேல்படியில் உட்கார்ந்தவள் பீர்க்கங்கூட்டால் அவள் முதுகைத் தேய்ப்பாள். பிறகு இடம் மாறும். தன் முதுகைத் தானே கையை முறுக்கித் தேய்த்துக்கொள்வது அங்கே மரியாதைக் குறைவு. மற்றவர்களை நம்பாதது மாதிரி.

முதல் நாள் நான் அப்படித்தான் செய்தேன். "ஏன், நாங்க தேய்ச்சா தேஞ்சா போயிருவிய?" என்று கேட்டு, பீர்க்கங்கூட்டை என் கையிலிருந்து பிடுங்கியது இசக்கி.

இசக்கிக்கு நாற்பது வயது இருக்கும். சீசனில் குற்றாலம் போகும் சாலையோரத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்பாள். மற்ற மாதங்களில் வீட்டில் இட்லி மாவு ஆட்டி விற்பாள். இன்னொருவர் சாரதா டீச்சர், ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. அதிகம் பேசமாட்டார். பேசினால் பெரும்பாலும் கேள்வியாகத்தான் இருக்கும்.

ஏட்டம்மா சிறப்பு சார்பு ஆய்வாளராக ஓய்வு பெற்றவர். ஆனாலும் தலைமைக் காவலராக இருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட 'ஏட்டம்மா' போகவில்லை. கணவர் இல்லை. மகன் ராணுவத்தில், வடக்கே எங்கேயோ. அவர் படியில் இறங்கினால் இளம்பெண்கள் தாமாக நகர்ந்து இடம் விடுவார்கள்.

அந்த உட்காரும் முறையில் ஒன்றைக் கவனித்தேன். முதுகு கொடுப்பவள் தண்ணீரைப் பார்க்கிறாள், தேய்ப்பவள் முதுகைப் பார்க்கிறாள். முகமும் முகமும் சந்திப்பதில்லை. அதனால் எதையும் சொல்ல முடிந்தது. மருமகளின் கருக்கலைவு, கணவனின் குடி, டீச்சருக்கு வந்த சர்க்கரை எல்லாமே நான் அங்கே கேட்டவைதான். பேட்டிக்காக எத்தனையோ பேர் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். யாரும் இவ்வளவு சொன்னதில்லை.

ஒரு பழைய சட்டம்

படிக்கட்டில் ஒரு சட்டமும் இருந்தது. முதுகில் பார்த்ததைப் பற்றிப் பேசக் கூடாது.

அது எப்படி வந்தது என்று டீச்சர் ஒருநாள் சொன்னார். பல வருடங்களுக்கு முன், அச்சன்புதூரிலிருந்து கல்யாணமாகி வந்த ஒரு பெண் அங்கே குளிக்க வந்துகொண்டிருந்தாள். அவள் முதுகில் பெல்ட் தடங்கள் இருந்தன. தேய்த்துவிட்ட ஒருத்தி அதைக் காய்கறிக் கடையில் போய்ச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கணவன் வீட்டார் அவளை ஆற்றுக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அவள் முதுகை யாரும் பார்க்கவில்லை. என்ன ஆனாள் என்று நான் கேட்டேன். "கேட்காதீங்க" என்றார் டீச்சர். கேள்விக்கு அவர் கேள்வி கேட்காமல் பதில் சொன்னதை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன்.

அப்போது இளம் காவலராக இருந்த ஏட்டம்மா, படியில் நின்று எல்லோரையும் வரிசையாகப் பார்த்து உத்தரவு போட்டாராம். "இங்கன முதுகுல கண்டது இங்கனயே ஆத்தோட போகணும். வெளிய ஒரு சொல்லு போச்சு, எவ நாக்குன்னு எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியும்."

அன்றிலிருந்து யாரும் பேசியதில்லை. தழும்பு, தையல் கோடு, தொங்கின தோல் என்று எதைப் பார்த்தாலும் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார்கள். அந்த மௌனத்தை நம்பித்தான் பெண்கள் அங்கே முதுகைக் கொடுத்தார்கள்.

"எங்க தொடுத?"

இதெல்லாம் தெரிந்தும் அன்று நான் கேட்டேன்.

"வலிக்கலையா ஏட்டம்மா?"

"எது?"

"ரத்தம் வருது."

அவர் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவ முயன்றார். எட்டவில்லை. நான் திட்டின் நடுவில் விரலை வைத்து, நான் தொடும் இடம் தெரிகிறதா என்று கேட்டேன்.

"எங்க தொடுத?"

திட்டுக்கு வெளியே ஒரு அங்குலம் நகர்த்தினேன். "ஆங், இங்கன" என்றார் உடனே. மறுபடி உள்ளே வைத்தேன். பதில் இல்லை.

டீச்சர் செம்பைக் கீழே வைத்துவிட்டார். இசக்கி வாளியோடு மேலே போய்விட்டாள். ஏட்டம்மா மூன்று கேள்விகள் கேட்டார்: எவ்வளவு பெரிசு, என்ன நிறம், ஓரம் தெளிவாக இருக்கிறதா. ஸ்டேஷனில் சாட்சியைக் கேட்பதுபோலவே கேட்டார். நான் சொன்னேன். துண்டைப் போர்த்திக்கொண்டு எழுந்தார். திருடன் என்ன ஆனான் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் இருவரும் பஸ் ஏறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். டாக்டர் இளம்பெண். பஞ்சால் தொட்டும், பேனா முனையால் தொட்டும் பார்த்தார். பிறகு ஏட்டம்மாவின் இடது முழங்கையின் உள்பக்கத்தை விரல்களால் உருட்டிப் பார்த்து, அங்கேயே சற்று நேரம் நிறுத்தினார்.

தொழுநோயின் ஆரம்பம் என்றார். குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. மாத்திரையில் முழுக்கக் குணமாகும். அரசே இலவசமாகக் கொடுக்கிறது. தொட்டால் வருவதில்லை, தண்ணீரில் வருவதில்லை. சிகிச்சை எடுக்காத ஒருவரோடு நெடுநாள் நெருங்கிப் பழகினால்தான் வரும், அதுவும் மிகச் சிலருக்குத்தான். மாத்திரை தொடங்கிவிட்டால் பரவும் பயம் அநேகமாகப் போய்விடும். ஆனால் முழங்கை நரம்பு தடித்திருக்கிறது. மாத்திரையை நடுவில் விட்டால் சுண்டுவிரலும் அடுத்த விரலும் மடங்கிப் போகலாம். மடங்கின விரலை நிமிர்த்துவது கஷ்டம்.

ஏட்டம்மா இடது கையை விரித்துப் பார்த்தார். விரல்கள் இன்னும் நேராகத்தான் இருந்தன.

"உங்களோட நெருங்கிப் பழகுறவங்க யார் யாரும்மா?" என்று கேட்டார் டாக்டர். அவர்களையும் ஒரு தடவை பரிசோதித்து, நோய் வராமலிருக்க ஒரு வேளை மாத்திரை கொடுப்பார்களாம்.

"யாரும் இல்ல" என்றார் ஏட்டம்மா. "நான் தனி ஆளு."

நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். டாக்டர் என்னைப் பார்த்தார். "இவுக பஸ்ல கூட வந்தவுக" என்றார் ஏட்டம்மா.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார். "வேலைல இருந்தப்ப, பேரச் சொல்லு பேரச் சொல்லுன்னு எத்தன ஆளுகளப் போட்டு வாங்கிருக்கேன். பேரு வெளிய வந்தவ எவளும் அதுக்குப் பொறவு நல்லா இருந்ததில்ல. மாவு விக்குதவ பேர நான் குடுப்பனா?"

கம்பிக் கதவு

அதற்குப் பிறகு ஏட்டம்மா ஆற்றுக்கு வரவில்லை. கால்வலி என்று சொல்லி அனுப்பினார். முதல் மாதத்து மாத்திரை அட்டை கையில் இருந்தது. அடுத்த அட்டையை நேரில் போய் வாங்க வேண்டும். அதன் முதல் வேளையை நர்ஸுக்கு முன்னால் விழுங்க வேண்டும். அந்த நர்ஸுக்கு மேலகரம்தான் ஊர். போகமாட்டேன் என்றார். நான் போனில் எவ்வளவோ சொன்னேன். "பாக்கலாம்" என்று வைத்துவிடுவார். போலீஸ்காரர் 'பாக்கலாம்' என்றால் என்ன பொருள் என்பது நிருபர்களுக்குத் தெரியும்.

அடுத்த அட்டைக்கான நாள் கடந்துவிட்டது.

படித்துறையில் நாங்கள் மூன்று பேரானோம். முதுகு மாறுவது ஒழுங்காகவே நடந்தது, பேச்சுதான் நடக்கவில்லை. ஒருநாள் டீச்சர், "ஏட்டம்மாவுக்குக் கால்தானே வலி, போனை எடுக்கக் கையுமா வலிக்குது?" என்று கேட்டார். மதியம் மூவரும் அவர் வீட்டுக்குப் போனோம்.

ஏட்டம்மா கம்பிக் கதவைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடியே எங்களைப் பார்த்தார். அடுப்பில் எதுவோ தீயும் வாசனை வந்தது. போய் அணைக்கவும் இல்லை.

"எனக்குக் குஷ்டம்" என்றார். "போதுமா? போங்க."

டாக்டர் சொன்னதை, கூடப் பழகினவர்களுக்கான ஒரு வேளை மாத்திரை உட்பட, சுருக்கமாகச் சொன்னேன். டீச்சர், "மாத்திரையா, ஊசியா?" என்று கேட்டார். மாத்திரை என்றேன். "அப்போ சரி" என்றார். இசக்கி தரையைப் பார்த்துக்கொண்டு, "போன சீசன்லயே பாத்தேன்" என்றாள். "தேமல்னு நெனச்சேன். பொறவு பெரிசாச்சு."

"நானும் பார்த்தேன்" என்றார் டீச்சர்.

ஏட்டம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வருசமாப் பாத்துக்கிட்டே தேச்சிருக்கிய. ஒரு வார்த்த சொல்லலையேட்டி."

"நீங்க போட்ட சட்டந்தானே" என்றாள் இசக்கி. "முதுகுல கண்டது ஆத்தோட போகணும்னு."

ஏட்டம்மா கம்பியை விட்டுவிட்டு அடுப்பை அணைக்கப் போனார். இசக்கி வாசல்படி இறங்கி நடந்துவிட்டாள். மறுநாள் ஆற்றுக்கு அவளும் வரவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவள் விற்பது தின்கிற பொருள். இந்த நோயின் பேர் தெருவில் அடிபட்டால் அவள் மாவை வாங்க யார் வருவார்கள்?

நாலு பேரிடம் பேசுங்கள் என்ற டாக்டரை அந்த நாட்களில் அடிக்கடி நினைத்தேன். நாங்கள் பேசத்தான் செய்தோம். ஒருவரை ஒருவர் நம்பத்தான் செய்தோம். அந்த நம்பிக்கைதான் மற்ற பெண்களைக் காப்பாற்றியது. அதுவேதான் ஏட்டம்மாவின் திட்டை ஒரு வருடம் வளரவிட்டது. நான் வெட்டின கட்டுரைகளில் இந்த இரண்டாவது பாதி இருந்ததாக ஞாபகம் இல்லை. வெட்டின வாலில் இருந்ததோ என்னவோ.

மாத்திரைக்குப் பிறகு

பிறகு நடந்ததை இசக்கியே சொன்னாள்.

மாவு ஆட்டி முடித்த ஒரு காலையில், அவள் தனியாகச் சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கிறாள். நர்ஸிடம், நெருங்கிப் பழகினவங்களுக்கு ஒரு மாத்திரை உண்டாமே, எனக்குக் கொடுங்க என்றிருக்கிறாள். யாரோடு பழகினீர்கள் என்று கேட்டதற்கு ஏட்டம்மாவின் பெயரைச் சொன்னாள். நர்ஸ் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"அவங்களுக்கு நீங்க என்ன வேணும்?" என்று மட்டும் கேட்டார்.

"முதுகு தேய்ச்சு விடுதவ."

அது என்ன உறவு என்று நர்ஸ் கேட்கவில்லை. அவரும் அந்த ஊர்க்காரர்தானே. பரிசோதித்து மாத்திரையைக் கொடுத்தார்கள். அங்கேயே விழுங்கிவிட்டு, நேராக ஏட்டம்மா வீட்டுக் கம்பிக் கதவுக்கு வந்தாள்.

"என் பேரக் குடுத்துட்டேன். டீச்சர் பேரும் பேப்பரம்மா பேரும் சொன்னேன், அவுகளையும் வரச் சொல்லுதாவ. இனி நீங்க மறைச்சு ஒண்ணும் ஆகப் போறதில்ல. ஆட்டோ நிக்கி, ஏறுங்க."

"மாவு விக்குத பொழப்ப நெனச்சியாட்டி கோட்டிக்காரி?"

"நெனச்சேன். ரெண்டு நாளா அதத்தான் நெனச்சேன். ஏறுங்க, வெயிட்டிங் போட்டுருவான்."

ஏட்டம்மா கதவைத் திறந்தார்.

மறுநாள் அவர் ஆற்றுக்கு வந்தார். எங்களோடு உட்காரவில்லை. மேல்படியில் தள்ளி உட்கார்ந்து, தனி வாளி, தனி செம்பு, தனி பீர்க்கங்கூடு என்று எல்லாவற்றையும் தன்னைச் சுற்றி வைத்துக்கொண்டார். கையை முறுக்கித் தன் முதுகைத் தானே தேய்க்கத் தொடங்கினார்.

யாராவது எழுந்துபோய்த் தேய்த்துவிடுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். நானே எழப் பார்த்தேன். அதற்குள் இசக்கி போய்விட்டாள். அவள் ஏட்டம்மாவின் பின்னால் உட்காரவில்லை. அவருக்குக் கீழ்ப்படியில், ஆற்றைப் பார்த்து உட்கார்ந்து, கூந்தலை முன்னால் எடுத்துப் போட்டு, முதுகைக் கொடுத்தாள்.

ஏட்டம்மாவின் பீர்க்கங்கூடு அவர் மடியிலேயே கிடந்தது.

"குளிருது ஏட்டம்மா" என்றாள் இசக்கி, திரும்பாமல்.

முதல் இரண்டு தடவை அவர் கை மிக மெதுவாகப் போயிற்று. பிறகு வழக்கமான அழுத்தம் வந்தது. போலீஸ் அழுத்தம் என்று இசக்கி அதைச் சொல்வாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பால் கேனைத் திறந்ததும் திருடன் என்னதான் சொன்னான்?" என்று கேட்டார் டீச்சர். கதை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

நானும் டீச்சரும் அந்த வாரமே போய்ப் பரிசோதித்துக்கொண்டோம். ஏட்டம்மா மாத்திரைகளை முழுக்க முடித்தார். நடுவில் அவர் தோல் கறுத்தது. மருந்தினால் அப்படி ஆகும், பிறகு மெல்ல மாறும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். "சீசன் மங்குஸ்தான் மாதிரி இருக்கிய" என்றாள் இசக்கி. "உள்ள வெள்ளைதான்ட்டி" என்றார் ஏட்டம்மா. இடது கை விரல்கள் நேராகவே இருக்கின்றன. இசக்கியிடம் மாவு வாங்குவதை இரண்டு வீடுகள் நிறுத்தின. ஒரு வீடு திரும்ப வந்தது, இன்னொன்று வரவில்லை.

இதை எழுதலாமா என்று ஏட்டம்மாவிடம் கேட்டேன். மற்றவர்கள் பெயரை மாற்றச் சொன்னார், மாற்றியிருக்கிறேன். "எழுது. தேமல்னு நெனச்சு எவளாவது இன்னும் சும்மா தேச்சுக்கிட்டு இருப்பா."

படிக்கட்டின் சட்டத்தையும் அவரே திருத்தினார். முதுகில் கண்டதை ஊரில் சொல்லக் கூடாது. முதுகுக்காரியிடம் சொல்லியே ஆக வேண்டும்.

திருத்தம் வந்த அந்த வாரத்தில் ஒருநாள் என் முறை. கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தேன். சாரல் நின்று, தண்ணீர் தெளிந்து, மீன்குஞ்சுகள் கால்விரலைக் கடித்துக்கொண்டிருந்தன. தேய்த்துக்கொண்டிருந்த ஏட்டம்மாவின் கை ஓரிடத்தில் நின்றது.

"பேப்பரம்மா, வலது பக்கம் விலாவுக்கு மேல ஒரு மச்சம் இருக்கு. தெரியுமா?"

தெரியாது. இத்தனை வருடங்களாக என்னோடு இருந்திருக்கிறது, யாரும் சொன்னதில்லை. எப்போதிருந்து இருக்கிறதோ, வளர்கிறதோ என்று சற்றுக் கலக்கமாகவே கேட்டேன்.

"வளரல" என்றார், தண்ணீரை மொண்டு ஊற்றியபடி. "நீ வந்த நாள்லருந்து நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."